மூப்பர் பேரவையும் நம் மக்களும்

நம் கல்விக் கழகத்தின் வெள்ளி விழா மலரில், கடல் கடந்த ஸ்காட்லாந்து நாட்டுத் திருச்சபை ஒன்றின் வரலாறு இடம்பெறுவது ஏன் என்று அன்பர் சிலர் வினவக்கூடும். செக்காலையில் வாழும் நம்மவருள் இந்துக்களும் உளர், கிறித்தவர்களும் உளர். எவரையும் எச்சமயத்திற்கும் அழைப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஓர் அவை எவ்வாறு கூடுகிறது, அதில் யார் அமர்கின்றனர், யாருடைய வழக்கு அங்கே எடுத்துரைக்கப்படுகிறது என்னும் வினாக்கள் நம் சமுதாயத்தின் உயிர் வினாக்கள். பல நூற்றாண்டுகளாக ஊர்க் கூட்டங்கள் நம்மைப் பற்றி முடிவு செய்தன. நாம் எட்ட நின்று அம்முடிவைக் கேட்டுக்கொண்டோம். ஆதலின், அவை நடத்தும் முறைமையையே தன் சமயக் கொள்கையின் ஓர் அங்கமாகக் கொண்ட பிரெஸ்பிட்டேரியன் திருச்சபையின் கதை நமக்குப் பாடமாக அமையும். சென்னையின் பள்ளிக்கூடத்திலும், செங்கற்பட்டின் நிலத்திலும், தென்னிந்தியாவின் ஐக்கிய சபையிலும் அக்கதை நம் மக்களை நேராகத் தொட்டுச் செல்கிறது.

மூப்பர் ஆட்சி

பிரெஸ்பிட்டேரியன் என்னும் பெயர், மூப்பர் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்று பிறந்தது. ஸ்காட்லாந்து நாட்டில் ஜான் நாக்ஸ் என்பார் முன்னின்று நடத்திய சமயச் சீர்திருத்தம் 1560ஆம் ஆண்டில் வெற்றி கண்டது. அவ்வாண்டு டிசம்பர்த் திங்களில் எடின்பரோ நகரில் முதற் பொதுப் பேரவை கூடியது. கூடியவர் ஏறத்தாழ 40 பேர். அவருள் போதகர் 6 பேர் மட்டுமே. ஏனையோர் பொதுமக்களினின்று வந்தவர். திருச்சபையை நடத்துவது குருமாரின் தனியுரிமை அன்று என்பது அந்த முதல் நாளிலேயே விளங்கிற்று. அதே ஆண்டில் நாக்ஸும் அவர்தம் துணைவரும் வகுத்த ஒழுங்கு நூல், ஒவ்வோர் ஊர்ச்சபைக்கும் ஒரு பள்ளி வேண்டும் என்றும், ஏழைப் பிள்ளைகளின் கல்விச் செலவைத் திருச்சபை ஏற்க வேண்டும் என்றும் கூறியது.

இத்திருச்சபையின் அமைப்பு படிப்படியாக மேலெழுவது. ஊர்ச்சபையார் தங்களுள் தகுதியுடையாரை மூப்பராகத் தேர்வர். போதகரும் மூப்பரும் சேர்ந்து ஊர் மன்றமாவர். அதற்கு மேல் வட்டார மன்றம், அதற்கு மேல் மாநில மன்றம், அனைத்திற்கும் மேலாக ஆண்டுதோறும் கூடும் பொதுப் பேரவை. பேரவைத் தலைவர் ஓராண்டுக்கு மட்டுமே தலைவர். அடுத்த ஆண்டு அவர் மற்றவரோடு மற்றவராய் அமர்வார். கீழ்மன்றத்தின் தீர்ப்பால் தனக்கு அநீதி நேர்ந்ததென்று கருதும் எளிய உறுப்பினரும் மேல்மன்றங்களுக்கு முறையிடலாம். ஒவ்வொரு முடிவும் குறிப்பேட்டில் எழுதப்படும்.

இவர்களுடைய கொள்கைகள் கண்டிப்பானவை. 1646ஆம் ஆண்டில் இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் கூடிய அறிஞர் குழு வகுத்த விசுவாச அறிக்கையை ஸ்காட்லாந்துப் பேரவை 1647இல் ஏற்றது. வேதாகமம் ஒன்றே விசுவாசத்திற்கும் ஒழுக்கத்திற்கும் இறுதி அளவுகோல். அனைத்தும் இறைவனின் சித்தத்தால் முன்குறிக்கப்பட்டவை. மனிதன் தன் நற்செயலால் அன்றி இறையருளால் மட்டுமே மீட்படைவான். திருச்சபைக்குக் கிறிஸ்து ஒருவரே தலைவர், அரசனும் செல்வனும் தலைவராகார் என்பன அவற்றுட் சில. 107 வினாக்கள் கொண்ட சிறு வினாவிடை நூலைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்வர். மனிதன் எதற்காக வாழ்கிறான் என்பதே அந்நூலின் முதல் வினா. பிறப்பால் எவனுக்கும் தகுதி இல்லை, எல்லாரும் அருளுக்குக் கையேந்துவோரே என்னும் இக்கொள்கை, அதன் நேர்ப்பொருளில் கொண்டால், சாதியின் வேரையே அறுக்க வல்லது. அது அறுத்ததா என்பதே நம் ஆய்வு.

1843ஆம் ஆண்டு வெளிநடப்பு

பேரவை வலுவுடையதாயினும், நிலக்கிழார் அதனினும் வலுவுடையவராய் இருந்தனர். பிரிட்டிஷ் பாராளுமன்றம் 1712இல் இயற்றிய சட்டத்தின்படி, ஊர்ச்சபைக்குப் போதகரை நியமிக்கும் உரிமை அவ்வூர்ப் பெருநிலக்காரரிடம் இருந்தது. குடும்பத் தலைவரில் பெரும்பாலோர் மறுத்தால் அந்நியமனம் செல்லாது என்று 1834இல் பேரவை விதி செய்தது. அவ்வாண்டே ஆக்டரார்டர் என்னும் ஊரில் இவ்விதி சோதனைக்குள்ளாயிற்று. நிலக்கிழார் அனுப்பிய ஒருவரை அவ்வூரின் 330 குடும்பத் தலைவருள் 287 பேர் வேண்டாமென்றனர். வழக்கு நீதிமன்றம் ஏறியது. இறுதியில் 1839இல் பிரபுக்கள் சபை நிலக்கிழாரின் பக்கமே தீர்ப்பளித்தது.

நான்காண்டுகள் கழித்து, 1843ஆம் ஆண்டு மே 18ஆம் நாள், எடின்பரோவில் பேரவை கூடியது. ஓய்வுபெறும் தலைவர் எழுந்து கண்டன அறிக்கையைப் படித்துவிட்டு வெளியேறினார். அவர் பின்னே போதகரும் மூப்பரும் அணிவகுத்துச் சென்றனர். தாமஸ் சால்மர்ஸ் என்பாரைத் தலைவராகக் கொண்டு சுயேச்சைத் திருச்சபை பிறந்தது. 450க்கு மேற்பட்ட போதகர்கள் தங்கள் ஆலயத்தையும் இல்லத்தையும் ஊதியத்தையும் துறந்தனர். எங்கள் மன்றத்தில் யார் பேசுவது என்பதை மிராசுதாரர் முடிவு செய்யலாகாது என்று கூறி, கூரையை இழக்கவும் அவர்கள் துணிந்தனர். நிலமுடையோன் சொல்லே நீதியாயிருந்த சீமையில் பிறந்த நமக்கு, அத்துணிவின் பொருளை விளக்கத் தேவையில்லை.

சென்னைப் பள்ளியின் ஒரே பலகை

இந்த வெளிநடப்பின் அலை சென்னையையும் வந்தடைந்தது. அதற்கு முன்பே, 1837ஆம் ஆண்டு, ஜான் ஆண்டர்சன் என்னும் இளம் போதகர் ஸ்காட்லாந்துப் பேரவையால் அனுப்பப்பட்டுச் சென்னையில் பள்ளி தொடங்கியிருந்தார். பேரவைப் பள்ளி என்றே அது பெயர் பெற்றது. ஆங்கிலக் கல்வியை நாடி மேற்சாதிப் பிள்ளைகள் அங்கே திரண்டனர்.

1838ஆம் ஆண்டில் ஒடுக்கப்பட்ட குலத்துச் சிறுவர் சிலர் அப்பள்ளியில் இடம் பெற்றிருந்தது தெரியவந்தது. அவர்களை வெளியேற்றுக, இல்லையேல் தனியே உட்கார வைக்க என்று மேற்சாதிப் பெற்றோர் கோரினர். ஆண்டர்சன் மறுத்தார். மாணவர் பலர் பள்ளியை விட்டு நீங்கினர். ஆயினும் அவர் இசையவில்லை. தென்னாட்டுக் கல்வி வரலாற்றில் இந்நிகழ்ச்சிக்குப் பொன்னெழுத்தில் இடம் உண்டு. வருவாயும் பெயரும் குறையும் என்றறிந்தும், ஒரே பலகையில் எல்லாரும் அமர்க என்று ஒரு பள்ளித் தலைவர் உறுதி காட்டினார். 1843இல் இந்தியாவிலிருந்த ஸ்காட்லாந்துப் போதகர் அனைவரும் சுயேச்சைத் திருச்சபையின் பக்கம் சேர்ந்தபோது ஆண்டர்சனும் சேர்ந்தார். அப்பள்ளியே வில்லியம் மில்லர் காலத்தில் வளர்ந்து, 1877இல் சென்னைக் கிறித்துவக் கல்லூரி என்னும் பெயர் பெற்றது. 1937இல் தாம்பரத்திற்கு மாறியது. நம் மக்களின் தலைவராய் விளங்கிய எம். சி. ராஜா அக்கல்லூரியில் பயின்றவர். 1920இல் சென்னைச் சட்டமன்றத்தில் நியமன உறுப்பினராகி, நம் குரலை அங்கே ஒலித்தவர்.

எனினும் மறுபக்கத்தையும் எழுத வேண்டும். ஆண்டர்சனின் பள்ளி நம் பிள்ளைகளுக்கென்று தொடங்கப்பட்டதன்று. மேற்சாதியார் முதலில் கற்றால் அறிவு மேலிருந்து கீழே வடியும் என்பதே அந்நாளைய ஸ்காட்லாந்துப் போதகரின் கல்விக் கொள்கை. பல ஆண்டுகள் அவர்தம் பொருளும் உழைப்பும் மேற்சாதி இளைஞருக்கே பெரிதும் செலவாயின. மேலே ஊற்றிய நீர் மேலேயே தேங்கிற்று. கதவு மூடப்படவில்லை என்பது உண்மை. கதவு வரை நடந்து செல்லும் பாதை நம்மவருக்கு அமைக்கப்படவில்லை என்பதும் உண்மை.

பணத்தைத் திருப்பி அனுப்புக!

சென்னையில் அச்சிறுவர்களைப் பற்றிய பூசல் நடந்த அதே 1838ஆம் ஆண்டில், அமெரிக்காவில் பிரெடரிக் டக்ளஸ் என்னும் நீக்ரோ அடிமை இளைஞர் தப்பியோடி விடுதலை பெற்றார். எட்டாண்டுகளுக்குப் பின் அவர் ஸ்காட்லாந்து நாட்டு மேடைகளில் முழங்கினார். காரணம் யாது? புதிதாய்ப் பிறந்த சுயேச்சைத் திருச்சபை, ஆலயம் கட்டப் பொருள் தேடி அமெரிக்காவுக்குத் தூதுக்குழு அனுப்பியது. அங்கே தொகுத்த ஏறத்தாழ 3,000 பவுனில் அடிமைகளை வைத்திருந்தோர் அளித்த பணமும் கலந்திருந்தது. 'பணத்தைத் திருப்பி அனுப்புக' என்பதே டக்ளஸின் முழக்கம். 1846ஆம் ஆண்டுப் பேரவை இதனை விவாதித்தது. திருப்பி அனுப்ப மறுத்தது.

நிலக்கிழாரின் பிடியினின்று விடுதலை வேண்டி வீதிக்கு வந்த அதே பெருமக்கள், அடிமையின் வியர்வையில் விளைந்த பணத்தை ஏன் விடவில்லை? அவர்கள் கொடியவர் அல்லர். அந்த அவையில் அடிமை ஒருவனும் உறுப்பினனாய் அமர்ந்திருக்கவில்லை. தம் துன்பத்தை அவர்கள் உடலால் அறிந்தனர்; பிறர் துன்பத்தைச் செவியால் மட்டுமே கேட்டனர். செவி வழிக் கேட்ட துன்பத்தை வாக்குவாதத்தால் ஒத்தி வைப்பது எளிது.

அமெரிக்க நாட்டிலோ நிலைமை இதனினும் கொடிது. 1861ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள், தென் மாநிலப் பிரெஸ்பிட்டேரியர் தனித் திருச்சபையாகப் பிரிந்து, ஜார்ஜியா மாநிலத்து அகஸ்டாவில் தம் முதற் பேரவையைக் கூட்டினர். திருச்சபையின் பணி ஆன்மிகமே, அடிமை முறை அரசுக்குரிய பொருள் என்று அவர்கள் வாதிட்டனர். அடிமை வைத்திருத்தல் பாவமன்று என்றும் அறிக்கை விடுத்தனர். அவர்களும் அதே வெஸ்ட்மின்ஸ்டர் அறிக்கையையே கையில் ஏந்தியிருந்தனர். மனிதர் அனைவரும் அருளுக்குக் கையேந்துவோரே என்று கூறும் நூல், ஒருவரை ஒருவர் விலைக்கு விற்பதைத் தடுக்கப் போதவில்லை.

அந்த மரபிலிருந்து 1973ஆம் ஆண்டு டிசம்பரில், பழமைக் கொள்கையை விடாது காக்க விரும்பிய ஏறத்தாழ 260 சபைகள் பிரிந்து, அலபாமா மாநிலத்துப் பர்மிங்காமில் தேசியப் பேரவையைக் கூட்டின. அமெரிக்கப் பிரெஸ்பிட்டேரியன் திருச்சபை என்று இன்று வழங்குவது அதுவே. வேதாகமத்தில் பிழையில்லை என்பதும், பெண்களை மூப்பராக்குவதில்லை என்பதும் அவர்தம் உறுதி. அதன் பேரவை ஆண்டுதோறும் வெவ்வேறு நகரங்களில் கூடுகிறது. அடிமை முறையில் முன்னோர் கொண்ட பங்கிற்காக 2002இலும், மனித உரிமைப் போராட்டக் காலத்தில் தாமும் தம் முன்னோரும் இனவெறிக்குத் துணைபோனமைக்காக 2016இலும் அப்பேரவை வெளிப்படையாக மனம் வருந்தித் தீர்மானம் நிறைவேற்றியது. 2018ஆம் ஆண்டில் அட்லாண்டாவில் கூடிய பேரவை, இர்வின் இன்ஸ் என்னும் கறுப்பினப் போதகரைத் தலைவராகத் தேர்ந்தது. கறுப்பினத்தவர் ஒருவர் அப்பதவி ஏற்றது அதுவே முதன்முறை. பழமையைப் பேணும் அவையும் தன் பழைய குற்றத்தைப் பெயர் சொல்லி ஒப்புக்கொள்ள இயலும் என்பதற்கு இது சான்று. ஒப்புக்கொள்ளத் தலைமுறைகள் பல கடந்தன என்பதையும் நாம் மறத்தற்கில்லை. அவ்வவையில் பெண்மக்கள் இன்னும் மூப்பராய் அமர்வதில்லை என்பதையும் நம் சகோதரிகள் குறித்துக்கொள்வாராக.

செங்கற்பட்டு நிலம்

மீண்டும் நம் நாட்டிற்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், செங்கற்பட்டில் சுயேச்சைத் திருச்சபையின் போதகராயிருந்தவர் ஆடம் ஆண்ட்ரு. சேரியில் வாழ்ந்த நம் மக்களின் நிலையை அவர் நேரில் கண்டார். தரிசு நிலத்திற்கு நம்மவர் விண்ணப்பித்தாலும், மிராசுதாரருக்கே முன்னுரிமை என்னும் விதி குறுக்கே நின்றது. குடியிருக்கும் மனையும் பிறருடையதாய் இருந்தமையால், வாய் திறந்தால் வீடு போகும் என்னும் அச்சம் நம்மவரைப் பிணித்திருந்தது. ஆண்ட்ரு இவற்றை எழுத்தில் தொகுத்து அரசின் முன் வைத்தார். சக போதகரும் அரசுக்கு விண்ணப்பம் செய்தனர்.

அக்காலத்துச் செங்கற்பட்டு ஆட்சியர் டிரமென்கீர், 1891ஆம் ஆண்டில் நம் மக்களைப் பற்றி விரிவான அறிக்கை அளித்தார். அதன்மேல் 1892ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் சென்னை அரசு 1010ஆம் எண்ணுள்ள ஆணையைப் பிறப்பித்தது. பஞ்சமி நிலம் என்று நாம் இன்று சொல்வதன் தோற்றுவாய் அதுவே. ஒதுக்கப்பட்ட நிலத்தைப் பிற சமூகத்தார் வாங்கலாகாது என்னும் நிபந்தனையும் பின்னர் வலுப்பெற்றது. ஆயினும் அந்நிலத்தில் பெரும் பகுதி பிறர் கைக்குப் போயிற்று. 1994ஆம் ஆண்டு அக்டோபரில் அதே செங்கற்பட்டுப் பகுதியின் காரணை என்னும் ஊரில், பஞ்சமி நில மீட்புக்காகப் போராடியோர் மீது காவல்துறை சுட்டதில் நம் இளைஞர் இருவர் உயிர் நீத்தனர்.

இவ்வரலாற்றில் ஒரு நுண்மை உண்டு. மன்றங்களின் குறிப்பேட்டு மரபில் வளர்ந்த ஆண்ட்ரு, நம் மக்களின் துயரை ஊர், நிலம், விதி எனக் கணக்காக எழுதினார். இரக்கம் கண்ணீராய் ஓடி மறையும். எழுதி வைத்த கணக்கு அரசாணையாய் மாறும். அரசாணையைக் காத்து நிற்க நம்மவர் அன்று தாலுகா அலுவலகத்திலும் இல்லை, கணக்குப்பிள்ளையின் பலகையிலும் இல்லை. அதனால் கையில் கிட்டியதும் நழுவிற்று.

இராமநாதபுரம் சீமையின் இரு அவைகள்

வடக்கே இவ்வாறிருக்க, தெற்கே நம் சீமையில் நிகழ்ந்தது என்ன? 1908ஆம் ஆண்டில் சென்னையில் தென்னிந்திய ஐக்கிய சபையின் முதற் பொதுப் பேரவை கூடியது. ஸ்காட்லாந்து, ஆர்க்காடு மிஷன்களைச் சேர்ந்த பிரெஸ்பிட்டேரியரும், மதுரை அமெரிக்க மிஷன், இலண்டன் மிஷன், யாழ்ப்பாணத்து மிஷன் ஆகியவற்றின் சபைகளும் அதில் ஒன்றாயின. இந்தியரும் ஈழத்தமிழரும் வெள்ளையரும் ஒரே பேரவையில் வாக்குரிமையோடு அமர்ந்தனர். 1947ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள் அது ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் சபைகளுடன் இணைந்து தென்னிந்தியத் திருச்சபை ஆயிற்று. நம் காரைக்குடி வட்டாரம் அதன் மதுரை–இராமநாதபுரம் பேராயத்தைச் சேர்ந்தது.

இதே சீமையில் வேறொரு வகைக் கூட்டமும் கூடியது. 1930ஆம் ஆண்டு டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்து ஆதிக்கச் சாதியார் கூடி, ஆதிதிராவிடர் மீது எட்டுத் தடைகளை விதித்தனர். பொன் நகை அணியலாகாது. ஆண்கள் சட்டை போடலாகாது. பெண்கள் மேலாடை அணியலாகாது. குடையும் செருப்பும் ஆகா. மட்பாண்டமன்றி உலோகப் பாண்டம் ஆகாது என்பன அவற்றுட் சில. மீறிய இடங்களில் குடிசைகள் எரிந்தன. தானியமும் கால்நடையும் பறிபோயின. 1931ஆம் ஆண்டு ஜூனில் தடைகள் பதினொன்றாயின. நம் பிள்ளைகள் எழுதப் படிக்கக் கற்கலாகாது, மிராசுதாரரின் மாட்டையே மேய்க்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. ஹட்டன் என்னும் ஆங்கில அறிஞர் சாதி பற்றிய தம் நூலில் இவற்றை வரிசையாகப் பதிந்துள்ளார்.

அந்தக் கூட்டமும் ஓர் அவையே! அங்கும் விவாதம் நடந்திருக்கும். அங்கும் தீர்மானம் நிறைவேறிற்று. பொருளாய் இருந்தவர் நாம். உறுப்பினராய் இருந்தவர் பிறர். அத்தீர்மானம் நடந்து பதினாறு ஆண்டுகளில், 1947இல், அழகப்பர் காரைக்குடியில் கல்லூரி தொடங்கினார். படிக்கக் கூடாது என்ற சீமையிலேயே பட்டம் பெறும் வாயில் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் அடி வாங்கியும் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிய பெற்றோரே நம் கழகத்தின் உண்மையான மூத்தோர்.

சமயம் மாறியவருக்கும் துன்பம் நீங்கிவிடவில்லை. தனி இருக்கை, தனிக் கல்லறை என்னும் கொடுமை தமிழ்நாட்டுத் திருச்சபைகள் பலவற்றில் தொடர்ந்தது. சென்னையில் கூடிய புரோட்டஸ்டண்டுப் போதகர் மாநாடு 1850ஆம் ஆண்டிலேயே சாதியைக் கைவிடாதவருக்குச் சபையில் இடமில்லை என்று முடிவு செய்தது. லைப்சிக் லுத்தரன் போதகர் மட்டும் உடன்படவில்லை. தீர்மானம் ஏட்டில் நின்றது. சாதி ஆலயத்தில் அமர்ந்தது. அரசும் தன் பங்கிற்கு, 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையால் கிறித்தவராய் மாறிய நம்மவரைப் பட்டியலினின்று நீக்கியது. சீக்கியருக்கு 1956இலும், பௌத்தருக்கு 1990இலும் விரிந்த அவ்வாணை கிறித்தவருக்கு விரியவில்லை. விரிக்க வேண்டும் என்று 2023ஆம் ஆண்டு ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது.

நமக்குரிய பாடம்

இவ்வரலாறு அனைத்தையும் தொகுத்து நோக்கின் தெளிவது ஒன்று. கொள்கை எத்துணை உயர்ந்ததாயினும், அவையில் இடம் பெறாதவன் அவையின் கருணையால் வாழ்கிறான். இடம் பெற்றவனே உரிமையால் வாழ்கிறான். ஆண்டர்சனின் கருணை ஒரு பலகையைத் தந்தது. ஆண்ட்ருவின் உழைப்பு ஓர் ஆணையைத் தந்தது. இரண்டையும் நன்றியோடு நினைக்கிறோம். அவற்றை நிலைநிறுத்த நம்மவர் அன்று மன்றங்களில் இல்லை என்பதையும் நினைக்கிறோம்.

ஆதலின், அன்பார்ந்த இளைஞர்களே, மூப்பர் ஆட்சியினின்று அதன் சமயக் கோட்பாட்டை ஏற்பதும் ஏற்காததும் உங்கள் விருப்பம். அதன் அவை ஒழுங்கை மட்டும் தயங்காது எடுத்துக்கொள்ளுங்கள். நம் கழகத்தின் பொதுக்குழு கூடும் நாளில், யாரோ பார்த்துக்கொள்வர் என்று வீட்டில் இராதீர்கள். கணக்கைக் கேளுங்கள், கேட்டதைக் குறிப்பேட்டில் எழுதச் செய்யுங்கள். பதவியில் இருப்போர் உரிய காலத்தில் இறங்கி, மற்றவரோடு மற்றவராய் அமரும் வழக்கத்தை நிலைநாட்டுங்கள். நம் சகோதரிகளுக்குப் பின்வரிசை போதும் என்று எண்ணுவோமாயின், நம்மைப் புறத்தே நிறுத்திய அவைகளுக்கும் நமக்கும் வேறுபாடு இல்லை. நம்மினும் நலிந்த குடும்பத்துப் பிள்ளை உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும்போது, அதன் வழக்கை எடுத்துரைக்க அக்குடும்பத்தைச் சேர்ந்த ஒருவரும் அவையில் இருக்கட்டும்.

படிக்கலாகாது என்று 1931இல் நம்மைப் பற்றிப் பிறர் தீர்மானித்தனர். இன்று நம் பிள்ளைகள் எதைப் படிப்பது, எவ்வாறு படிப்பது என்பதை நாமே கூடித் தீர்மானிக்கிறோம். இவ்வுரிமையை அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் காத்து வளர்ப்பது, இம்மலரைக் கையில் ஏந்தியிருக்கும் ஒவ்வொருவர் கடமையுமாகும்.